பங்கு மகளிர்க்கு நாம் பட்ட கடன்

உரோமையர்க்குத் தூய பவுல் எழுதிய திருமுகத்தின் இறுதி அதிகாரத்தைப் பலரும் வாழ்த்துப் பட்டியல் என்று எண்ணிக் கடந்துவிடுகின்றனர். அப்பட்டியலின் தலைமாட்டில் நிற்பவர் ஒரு பெண். கொரிந்தின் கிழக்குத் துறைமுகமாகிய கெங்கிரேயாவின் சபைக்குத் தொண்டாற்றிய பெபேயா என்பவரை உரோமைக் கிறித்தவர்களுக்கு அறிமுகம் செய்து பவுல் நற்சான்று தருகிறார். அந்த நற்சான்றில் புகழ்ச்சி குறைவு, பணிப்பு மிகுதி. இறைமக்களுக்கு ஏற்ற முறையில் அவரை வரவேற்க வேண்டும். எந்தக் காரியத்தில் அவருக்கு உங்கள் துணை தேவைப்பட்டாலும் அதைச் செய்து கொடுக்க வேண்டும். இவ்விரண்டையும் சொல்லிவிட்ட பிறகுதான், அவர் பலருக்கும் தமக்கும் ஆதரவாக இருந்தவர் என்று காரணம் காட்டுகிறார். அதே அதிகாரத்தில் பிரிஸ்கா, மரியா, யூனியா, திரிபேனா, திரிபோசா, பெர்சி, யூலியா எனப் பெண்களின் பெயர்கள் தொடர்கின்றன. பெயரின்றிச் சுட்டப்படும் இருவரையும் சேர்த்தால் பத்துப் பெண்கள். இவர்களுள் சிலரை ஆண்டவருக்காகப் பாடுபட்டு உழைத்தவர்கள் என்று பவுல் அழுத்தந்திருத்தமாக எழுதுகிறார்.

திருச்சபைத் தொண்டு புரிந்த பெண்ணொருவருக்கு எழுத்தில் கிடைத்த மிகப் பழைய பாராட்டுகளுள் ஒன்று இது. ஆயினும் நம் திருப்பலி வாசக முறையில் இந்த அதிகாரம் இடம்பெறும் அந்த ஒரு வாரநாளிலும் வாசகம் மூன்றாம் வசனத்திலிருந்தே தொடங்குகிறது. பெபேயாவைப் பற்றிய முதல் இரு வசனங்கள் பீடத்தருகே ஒலிப்பதில்லை.

தமிழகத்துப் பங்குகளில் திருவிழாக் காலத்திலும், கோவிலின் வெள்ளி விழா, பொன்விழா நாள்களிலும், மகளிர் நாளையொட்டியும் தொண்டாற்றிய பெண்களை மேடைக்கு அழைத்துச் சிறப்பிக்கும் வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. வரவேற்க வேண்டிய வழக்கம், ஐயமில்லை. நாற்பது ஆண்டுகள் கோவிலுக்காக உழைத்த ஒரு மூதாட்டி, பேரப்பிள்ளைகள் கைதட்ட, பங்குத்தந்தையின் கையால் பொன்னாடை பெறும்போது அவர் கண் கலங்குகிறது. அந்தக் கண்ணீரை நாம் எளிதாக எண்ணவில்லை. ஆனால் பொன்னாடை மடித்துப் பெட்டிக்குள் வைக்கப்பட்ட மறுநாள் என்ன நடக்கிறது என்பதே நம் கேள்வி. பங்குப்பேரவையில் அவருக்கு இருக்கை உண்டா? கோவிலின் வரவுசெலவை அவர் பார்க்க முடியுமா? திருவிழாவை எப்படி நடத்துவது என்று கூடிப் பேசும் இரவில் அவரை யாரேனும் அழைக்கிறார்களா? பெரும்பாலான இடங்களில் விடை நமக்குத் தெரியும். பவுலின் நற்சான்றிலிருந்து புகழ்ச்சியை மட்டும் எடுத்துக்கொண்டு பணிப்பை விட்டுவிட்டோம்.

இப்பெண்கள் செய்யும் பணி இன்னதென்று சற்று நெருங்கிப் பார்ப்போம். சனிக்கிழமை மாலையில் ஊர்க்கோவிலுக்குள் சென்றால், தூணடியில் தூசி தட்டுபவர்களும், பீடத்துப் பூச்சாடிகளில் பழைய நீரைக் கொட்டிப் புதுப் பூ வைப்பவர்களும், தரையைத் துடைப்பவர்களும் பெண்களே. திருப்பலியில் திருக்கிண்ணத்தைத் துடைத்த சிறு துணிகளையும், அப்பத்தட்டின் கீழ் விரித்த வெண்துகிலையும் ஏனைய துணிகளோடு போட்டுத் துவைப்பதில்லை. தனிப் பாத்திரத்தில் முதலில் நீரில் அலச வேண்டும். நற்கருணையின் துகள் அதில் கலந்திருக்கக்கூடும் என்பதால், அந்த நீரைச் சாக்கடையில் விடாமல் கால் படாத மண்ணில், பெரும்பாலும் ஒரு செடியின் வேரில், ஊற்ற வேண்டும். அதன் பிறகே துவைத்து, கஞ்சியிட்டு, மடிப்புக் கலையாமல் பெட்டிபோட்டு வைக்க வேண்டும். இந்த முறையை எந்தக் குருமடத்திலும் பயிலாத பெண்கள் தாயிடமிருந்தும் மாமியாரிடமிருந்தும் கற்று, பல தலைமுறைகளாகப் பிசகாமல் செய்துவருகிறார்கள். நற்கருணை இறையியலைப் பற்றி நூல் எழுதியவர்களுக்கு நாம் தரும் மதிப்பை இந்தக் கைகளுக்கும் தர வேண்டும் என்று கூசாமல் கூறுவோம்.

ஞாயிறு திருப்பலி முடிந்ததும் வேப்ப மரத்தடியிலோ கோவில் திண்ணையிலோ மறைக்கல்வி நடத்துபவர்களுள் மிகப் பெரும்பாலோர் பெண்கள். வாரம் முழுவதும் பள்ளியிலோ கடையிலோ வேலை பார்த்துவிட்டு, ஓய்வுக்கு இருக்கும் ஒரே நாளையும் ஊர்ப்பிள்ளைகளுக்குக் கொடுப்பவர்கள். சிறு பரிசுகளைத் தம் கைக்காசில் வாங்குபவர்கள். முப்பது நாற்பது வீடுகளைக் கொண்ட அன்பியங்களை நடத்துவதும் இவர்கள்தாம். எந்த வீட்டில் முதியவர் படுக்கையில் விழுந்தார், யாருக்கு நோயில்பூசுதல் தேவை, எந்தப் பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் குறைகிறது, எந்த வீட்டில் கணவனின் குடியால் அடுப்பு எரியவில்லை என்பதெல்லாம் பங்குத்தந்தைக்குத் தெரியும் முன்பே அன்பியத் தலைவிக்குத் தெரியும். சாவு விழுந்த வீட்டுக்கு முதலில் ஓடுபவர் அவர். அடக்கம் முடிந்து உறவினர் கலைந்த பிறகும் அந்த வீட்டில் செபமாலை சொல்லிக்கொண்டு இருப்பவரும் அவரே. பங்குத்தந்தையர் ஐந்தாறு ஆண்டுகளில் மாறிச் செல்வார்கள். இவர் மாறுவதில்லை. ஒரு பங்கின் நினைவு என்று ஒன்று உண்டானால், அது இத்தகைய பெண்களின் நெஞ்சில்தான் இருக்கிறது.

இத்துணை செய்தும் இவர்களுடைய பெயர் எங்கே பொறிக்கப்பட்டிருக்கிறது? நம் கோவில்களின் சுவர்களைப் பாருங்கள். கதவுக்கு இன்னார் உபயம், மணிக்கு இன்னார் உபயம், கெபிக்கு இன்னார் நினைவாக என்று பளிங்கில் பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. பொருள் கொடுத்தவரின் கொடையை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்தக் கதவை அரை நூற்றாண்டு நாள்தோறும் துடைத்தவளின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. விழாமலரைப் புரட்டினால் பங்குத்தந்தையரின் வரிசை ஒளிப்படங்களுடன் இருக்கும். மகளிர் ‘மாதா சபையினர்’ என்றோ ‘அன்பிய மகளிர்’ என்றோ ஒரு கூட்டுப் பெயருக்குள் அடங்கிவிடுவார்கள்.

பெத்தானியாவில் இயேசுவின் தலைமீது விலையுயர்ந்த நறுமணத் தைலத்தை ஊற்றிய பெண்ணை நினைத்துப் பார்க்கிறோம். அங்கிருந்தோர் அவளைக் கடிந்துகொண்டபோது இயேசு அவள் பக்கம் நின்றார். உலகெங்கும் நற்செய்தி அறிவிக்கப்படும் இடமெல்லாம் இவள் செய்ததும் இவள் நினைவாக எடுத்துரைக்கப்படும் என்று வாக்களித்தார். இயேசு வேறு எவருக்கும் தராத வாக்குறுதி இது. ஆயினும் அந்த வாக்குறுதியைப் பதிவு செய்த மாற்கும் மத்தேயுவும் அவள் பெயரை எழுதவில்லை. யோவான் நற்செய்தி மட்டுமே இத்தகைய நிகழ்ச்சியில் மரியாவின் பெயரைச் சொல்கிறது. மறக்கக்கூடாது என்று ஆண்டவர் விதித்த பெண்ணின் பெயரையே விட்டுவிட்ட பழக்கம், இரண்டாயிரம் ஆண்டுகள் கழித்து நம் விழாமலர்களிலும் தொடர்கிறதென்றால் அதற்கு நாம் வெட்கப்பட வேண்டும்.

இங்கே ஒரு மறுப்பு எழும். தொண்டு செய்பவர் பலனை எதிர்பார்க்கலாமா? வலக்கை கொடுப்பதை இடக்கை அறியலாகாது என்பதல்லவா மலைப்பொழிவின் போதனை? பாராட்டு விழாக்கள் தற்பெருமையை வளர்க்காவா? இம்மறுப்பைப் பலமுறை கேட்டிருக்கிறோம். சொல்பவர்களுள் நல்லெண்ணம் உடையோரும் உண்டு. நம் விடை இது. அப்போதனை கொடுப்பவரை நோக்கிச் சொல்லப்பட்டது. பெற்றுக்கொண்டவர் நன்றி மறக்கலாம் என்று அது எங்கும் இசைவு தரவில்லை. பத்துத் தொழுநோயாளர் நலமடைந்து ஒருவரே திரும்பி வந்தபோது, மற்ற ஒன்பது பேர் எங்கே என்று கேட்டவரும் அதே ஆண்டவர்தாம். அன்னை தெரேசா 1979-ஆம் ஆண்டு நோபல் அமைதிப் பரிசைப் பெற்றபோது, வழக்கமான விருந்தை வேண்டாமென்று தவிர்த்து, அதற்காகும் தொகையை ஏழைகளுக்குத் தரும்படி கேட்டுக்கொண்டார். விருதைப் பெறுபவரின் எளிமை அது. ஆனால் அவருடைய எளிமையைக் காரணம் காட்டி அவருக்கு விருது தராமல் இருந்திருந்தால், அது உலகத்தின் சிறுமையாகவே இருந்திருக்கும். அடக்கத்தைப் பெண்களுக்கே உரிய அணியாக்கி, அதன் மறைவில் நன்றிக்கடனைத் தள்ளிப்போடும் வழக்கம் நமக்குள் இருக்கிறது.

யாரைச் சிறப்பிப்பது என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்பதும் கவனிக்கத்தக்கது. இன்று பெரும்பாலும் ஆலோசனைக் குழுவினர் சிலர் கூடிப் பெயர்களைத் தேர்கின்றனர். வசதியும் செல்வாக்கும் உடைய குடும்பங்களின் பெண்களே முன்வரிசைக்கு வந்துவிடுகிறார்கள். திருத்தூதர் பணிகள் நூலில் வரும் யோப்பா நகரத்துத் தபித்தாவின் கதை நமக்கு வேறொரு வழியைக் காட்டுகிறது. அவர் இறந்ததும் பேதுருவை அழைத்து வருகிறார்கள். மாடியறையில் பேதுருவைச் சூழ்ந்து நின்று அழுதவர்கள் கைம்பெண்கள். தபித்தா உயிரோடிருந்தபோது தங்களுக்குத் தைத்துக் கொடுத்த உள்ளாடைகளையும் மேலாடைகளையும் அவர்கள் எடுத்துக் காட்டுகிறார்கள். உதவி பெற்ற ஏழைகளே சாட்சிகள்; தையல் பிரியாத ஆடைகளே சான்று. ஊரில் ஒரு பெண் செய்த தொண்டை அறிய வேண்டுமானால், கைம்பெண்களையும், கடலில் மகனை இழந்த தாய்மார்களையும், தீராத நோயாளர்களையும் கேளுங்கள். மேடைக்கு வரவேண்டியவர்களின் பட்டியல் அப்போது பெரிதும் மாறியிருக்கும்.

தமிழ் மண்ணில் கத்தோலிக்க மகளிரின் தொண்டுக்கு நீண்ட வரலாறு உண்டு. பெண்பிள்ளைகளுக்குக் கல்வி தருவது தகாது என்று சமூகம் கருதிய நாளில், 1844-ஆம் ஆண்டு புதுச்சேரியில் துப்புயி அடிகளார் தூய மரியாவின் மாசற்ற இதய சபையைத் தொடங்கியபோது, அதன் நோக்கமே நம் நாட்டுப் பெண்களைக் கொண்டு நம் நாட்டுப் பெண்பிள்ளைகளுக்கு எழுத்தறிவு ஊட்டுவதாக இருந்தது. அடிகளாரின் பெயரை வரலாறு அறியும். அவரை நம்பி, ஊராரின் ஏச்சைத் தாங்கி, முதன்முதலாகப் பெண்பிள்ளைகள் முன் நின்று கற்பித்த அந்த இளம் பெண்களின் பெயர்களை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? 1858-இல் திருச்சிராப்பள்ளியில் அன்னம்மாள் என்னும் கைம்பெண், தம்மைப்போல் இளம் வயதிலேயே தாலியிழந்து மூலையில் ஒதுக்கப்பட்ட பெண்களைச் சேர்த்துத் தூய அன்னாள் சபைக்கு வித்திட்டார். வாழ்வு முடிந்தது என்று வீட்டாரே கைவிட்ட பெண்கள், ஊரின் பிள்ளைகளுக்கு ஆசிரியர்களாகவும் ஆதரவற்றோர்க்குத் தாயராகவும் நிமிர்ந்தார்கள். அக்காலத்துச் சாதிச் சமூகத்தில் ஒரு கைம்பெண் தன் முடிவாலேயே ஒரு நிறுவனத்தை உருவாக்கியது எத்தகைய துணிவு என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பிரான்சிலிருந்து மதுரை மறைத்தளத்துக்கு 1865-இல் வந்த எலேன் தெ சப்போத்தென் என்னும் பாடுகளின் மரியா, அங்கு நேர்ந்த கருத்து வேறுபாட்டை அடுத்து, தம்மோடு வந்த சகோதரியருடன் உதகைமண்டலத்துக்குச் சென்றார். 1877 சனவரியில் திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் தந்த இசைவோடு அங்கே பிறந்த சபையே பின்னாளில் பிரான்சிஸ்கு மரியின் மறைப்பணியாளர் சபையாக உலகெங்கும் பரவியது. சென்னை ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியை 1947 ஆகஸ்டில் தொடங்கியவர்களும் இச்சபையினரே. ஆனால் நிறுவனர் அன்னையின் வாழ்வு சீராகச் செல்லவில்லை. 1883-இல் தாம் தொடங்கிய சபையின் தலைமையிலிருந்தே அவர் நீக்கப்பட்டார். விசாரணைக்குப் பின் மறு ஆண்டு பொறுப்பு திரும்பக் கிடைத்தது. 2002-இல் அவர் அருளாளராக உயர்த்தப்பட்டார்.

இவற்றைவிட நம் நெஞ்சை உறுத்துவது மகளிர் மருத்துவத்தின் கதை. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மருத்துவர் ஆக்னஸ் மெக்லாரன், தம் நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பெண்களுக்கு இடம் தராததால் பிரான்சின் மோன்பெலியே நகரில் பயின்று 1878-இல் பட்டம் பெற்றவர். அறுபது வயதைக் கடந்தபின் கத்தோலிக்கத் திருமறையில் சேர்ந்தார். அன்றைய வட இந்தியாவில், அந்தப்புரத்துப் பெண்கள் ஆண் மருத்துவரைக் காண மறுத்துப் பேறுகாலத்தில் மடிவதை அறிந்து, இராவல்பிண்டியில் பெண்களுக்கென ஒரு மருத்துவமனை தோன்றக் காரணமானார். அதை நடத்த அருட்சகோதரியர் மருத்துவம் பயில வேண்டும். ஆனால் துறவியர் மருத்துவத் தொழில் புரிவதைத் திருச்சபைச் சட்டம் தடுத்திருந்தது. தடையை நீக்குமாறு முதிய வயதில் உரோமைக்கு மீண்டும் மீண்டும் சென்று அவர் மன்றாடினார். 1913-இல் அவர் இறக்கும்வரை விடை வரவில்லை. அவருடன் கடிதத் தொடர்பு கொண்டிருந்த ஆஸ்திரிய நாட்டு அன்னா தெங்கெல் மருத்துவம் பயின்று இராவல்பிண்டிக்கே வந்து பணியாற்றி, 1925-இல் மருத்துவ மறைப்பணிச் சகோதரியர் சபையை அமெரிக்காவில் தொடங்கினார். அப்போதும் அச்சகோதரியர் முழுமையான துறவற வாக்குறுதி எடுக்க இயலவில்லை. 1936 பிப்ரவரியில்தான் உரோமை தடையை நீக்கியது.

அந்த இடைக்காலத்தில் தனி இசைவு பெற்று மருத்துவம் புரிந்த அருட்சகோதரி ஒருவர் அன்றைய சென்னை மாகாணத்தின் குண்டூரில் இருந்தார். ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் மருத்துவராக இருந்த மேரி குளோரி, மெக்லாரனைப் பற்றிய ஒரு சிறு வெளியீட்டை 1915-இல் படித்தார். 1920-இல் இங்கு வந்து துறவறம் ஏற்றார். 1943-இல் இந்தியக் கத்தோலிக்க மருத்துவமனைகளின் சங்கத்தை உருவாக்கினார். நாடெங்கும் உள்ள கத்தோலிக்க மருத்துவ நிலையங்களை இணைக்கும் பேரமைப்பாக அது இன்று வளர்ந்து நிற்கிறது. இப்பெண்களின் பெயரால் இன்று கூட்டங்கள் நடக்கின்றன, படங்கள் திறக்கப்படுகின்றன. ஆனால் மெக்லாரன் கேட்டது படத்திறப்பையா? ஒரு தடையை நீக்குமாறு கேட்டார். அது நீங்கும்வரை எத்தனை பெண்கள் பேறுகாலத்தில் மடிந்தனர் என்பதை இறைவன் ஒருவனே அறிவான். காலந்தாழ்ந்த மதிப்பின் விலையைப் பிறர் கொடுக்க நேர்கிறது.

துறவற மகளிர்க்காவது அவரவர் சபைகள் உண்டு. ஆவணம் காக்கவும் வரலாறு எழுதவும் ஆள் உண்டு. இல்லறத்துப் பெண்களுக்கு அதுவும் இல்லை. நம் பழைய பங்குப் பதிவேடுகளில் அவர்களுடைய தொண்டின் தடம் ஓரிடத்தில், திருமுழுக்குப் பதிவில் மட்டும் தெரியும். சாவின் விளிம்பில் இருக்கும் சிசுவுக்கு ஆபத்து வேளையில் எவரும் திருமுழுக்கு அளிக்கலாம் என்பது திருச்சபையின் தொன்மையான ஒழுங்கு. குரு வந்து சேர வழியில்லாத ஊர்களில், பேறு பார்த்த மருத்துவச்சிகளே உள்ளங்கையில் நீரெடுத்துத் தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால் அக்குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளித்திருக்கிறார்கள். பீடத்தை அணுகவும் பெண்ணுக்கு இசைவில்லாத காலத்தில், இறப்பவரின் மீட்புக்குரிய அருளடையாளத்தை அவள் கையில் ஒப்படைக்கத் திருச்சபை தயங்கவில்லை. இதைவிடப் பெரிய நம்பிக்கையை ஒருவர்மீது வைக்க முடியுமா? அந்த நம்பிக்கை, நெருக்கடி நீங்கிய அடுத்த நொடியில் திரும்பப் பெறப்பட்டது என்பதுதான் வேதனை.

காலம் மாறிவருகிறது, அதை மகிழ்ச்சியோடு குறிக்கிறோம். இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் அவையில் 1964-இல் முதன்முறையாகப் பெண்கள் பார்வையாளராக அமர்த்தப்பட்டனர். 1970-இல் அவிலா தெரேசாவும் சியன்னா கத்தரீனும் திருச்சபையின் மறைவல்லுநர்களாக அறிவிக்கப்பட்டனர். 2016-இல் மகதலா மரியாவின் நினைவு நாள், திருத்தூதர்களுக்கு நிகரான விழாவாக உயர்ந்தது. அதே ஆண்டு, பெரிய வியாழனன்று பாதம் கழுவும் சடங்கில் பெண்களையும் சேர்க்கலாம் என்ற ஒழுங்கும் வந்தது. 2021-இல் வாசகர், பீடத்துணைவர் பணிகள் பெண்களுக்கும் முறைப்படி திறக்கப்பட்டன. மறைக்கல்விப் பணி தனித் திருப்பணியாக நிறுவப்பட்டது. 2023 அக்டோபரில் கூடிய உலக ஆயர் மாமன்றத்தில் 54 பெண்கள் வாக்குரிமை பெற்றனர். 2025 சனவரியில் துறவற வாழ்வுக்கான திருப்பீடத் துறையின் தலைவராக அருட்சகோதரி சிமோனா பிரம்பில்லாவும், மார்ச்சு முதல் நாள் வத்திக்கான் நகர அரசின் ஆளுநரகத் தலைவராக அருட்சகோதரி ரஃபாயெல்லா பெத்ரினியும் பொறுப்பேற்றனர்.

ஆனால் உரோமையில் பிறந்த ஒழுங்கு நம் ஊர்க்கோவிலை வந்தடைந்ததா? பெரிய வியாழன் இரவில் நம் பங்குகள் பலவற்றில் பீடத்தின் முன் போடப்படும் பன்னிரண்டு நாற்காலிகளில் இன்றும் பன்னிரண்டு ஆண்களே அமர்கிறார்கள். அந்த நாற்காலிகளை அடுக்கித் துடைத்து, செம்பும் தாம்பாளமும் துவாலையும் எடுத்து வைத்தவர்கள் பெண்கள். இப்படித்தான் செய்யவேண்டும் என்று எந்தச் சட்டமும் இன்று சொல்லவில்லை, வழக்கம் சொல்கிறது. வழக்கத்துக்குச் சட்டத்தைவிட வலிமை அதிகம் என்பதை நம் ஊர்களை அறிந்தோர் அறிவர்.

பங்கு நிர்வாகத்திலும் இதே நிலை. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 537-ஆம் விதி, ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு ஒன்று இருந்தே தீரவேண்டும் என்கிறது. 536-ஆம் விதி மேய்ப்புப்பணிப் பேரவையைப் பற்றிப் பேசுகிறது. இவ்விரு குழுக்களிலும் பெண்கள் இருக்கக்கூடாது என்ற விலக்கு எங்கும் இல்லை. குருத்துவத்தைப் பற்றிய விவாதத்தை நாம் இங்கே எழுப்பவில்லை, அது வேறு. திருத்தொண்டர் பணியைப் பற்றித் திருப்பீடம் அமைத்த குழுக்களின் ஆய்வு தன் வழியில் செல்லட்டும். எவருடைய இசைவுக்கும் காத்திராமல் நாளையே செய்யக்கூடியதைத்தான் கேட்கிறோம். காணிக்கைப் பணத்தை எண்ணவும், கணக்கைத் தணிக்கை செய்யவும், கல்வி உதவி யாருக்கு என்று முடிவெடுக்கவும் பெண்கள் அமரட்டும். தன் குடும்பத்தின் சிறு வருமானத்தை மாதக் கடைசிவரை நீட்டத் தெரிந்தவளுக்குக் கோவில் கணக்கு விளங்காது என்று எவரும் சொல்லத் துணியமாட்டார். இந்திய ஆயர் பேரவை 2010-இலேயே பாலினச் சமத்துவக் கொள்கை ஒன்றை வெளியிட்டிருக்கிறது. அது எத்தனை பங்குகளின் அறிவிப்புப் பலகையை எட்டியது?

ஊதியத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். தொண்டு வேறு, வேலை வேறு. விரும்பித் தரும் நேரம் தொண்டு. நாள்தோறும் குறித்த நேரத்தில் வந்து கோவிலைப் பெருக்குபவரும், பங்குத்தந்தையின் இல்லத்தில் சமைப்பவரும், மழலையர் பள்ளியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவரும் செய்வது வேலை. அதற்குரிய கூலியைக் கோவில் பணிதானே என்ற சொல்லால் குறைப்பது அநீதி. 1891-இல் பதின்மூன்றாம் சிங்கராயர் தொழிலாளரின் நேர்மையான கூலியைப் பற்றிச் சுற்றுமடல் விடுத்த திருச்சபை நம்முடையது. வத்திக்கான் நாளிதழின் மகளிர் இணைப்பிதழ் 2018 மார்ச்சில், உயர் திருநிலையினரின் இல்லங்களில் அருட்சகோதரியர் கூலியின்றி ஏவலராக நடத்தப்படுவதை வெளிப்படையாக எழுதியது. அங்கே எழுதத் துணிந்ததை இங்கே நாம் பேசவும் தயங்குவது ஏன்?

பாதுகாப்பும் மதிப்பின் பகுதியே. அருட்சகோதரியர்மீது குருக்கள் சிலரே தவறிழைத்திருக்கின்றனர் என்பதைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2019 பிப்ரவரியில் ஒப்புக்கொண்டார். பத்துப் பேருக்குக் குறையாமல் பணிபுரியும் எந்த இடத்திலும் உள்ளகப் புகார்க் குழு அமைக்க வேண்டும் என்று நம் நாட்டின் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்கியுள்ளது. மறைமாவட்டப் பள்ளிகளும் மருத்துவமனைகளும் அலுவலகங்களும் இதற்கு விலக்கானவை அல்ல. குழு பெயரளவில் இருக்கிறதா, புகார் கொடுக்கும் பெண் அஞ்சாமல் அணுகக்கூடிய நிலையில் இருக்கிறதா என்று ஒவ்வொரு ஆயரும் தாமே விசாரித்தறிய வேண்டும். வாய் திறந்த பெண்ணை ஒதுக்கிவைத்துவிட்டு அவளுடைய தோழியருக்குப் பொன்னாடை போர்த்தும் பங்கில் விழா எதற்கு?

ஆகவே பாராட்டு விழாக்களை நிறுத்துமாறு நாம் கூறவில்லை. அவற்றோடு சில செயல்களும் சேர வேண்டும் என்கிறோம். ஒவ்வொரு பங்கும் தன் மகளிரின் தொண்டு வரலாற்றை, மூத்தோர் உயிரோடிருக்கும்போதே கேட்டு எழுதிவைக்கட்டும். கோவிலைத் துப்புரவு செய்தவர், மறைக்கல்வி கற்பித்தவர், பிணத்தைக் குளிப்பாட்டி உடுத்தியவர், திருவிழா அசனத்துக்கு இரவெல்லாம் விழித்து அரிசி களைந்தவர் எனப் பெயரோடும் ஊரோடும் ஆண்டோடும் அது அமைய வேண்டும். இளையோர் இயக்கங்கள் முனைந்தால் ஒரு தவக்காலத்துக்குள் முடியக்கூடிய வேலை. திருப்பலியில் இறந்தோர் நினைவாக வாசிக்கப்படும் பெயர்களுள், பங்குக்காக உழைத்து மறைந்த பெண்களின் பெயர்களுக்கு நவம்பர் மாதத்தில் ஒரு நாள் ஒதுக்கலாம். முதுமையில் துணையின்றித் தனித்திருக்கும் முன்னாள் தொண்டர்களின் மருந்துச் செலவைப் பங்கே ஏற்க வேண்டும். எந்தக் காரியத்தில் துணை தேவையோ அதைச் செய்து கொடுங்கள் என்று பவுல் எழுதியதன் நேரான பொருள் இதுதான்.

மறைமாவட்டங்களில் பங்குப்பேரவைத் தேர்தல்கள் அவ்வப்போது நடைபெறுகின்றன. அடுத்த தேர்தலுக்கு முன், பேரவையிலும் நிதிக்குழுவிலும் பாதி இடங்களை மகளிர்க்கு உறுதிசெய்யும் சுற்றறிக்கையை ஆயர் பெருமக்கள் விடுக்க வேண்டுகிறோம். கூட்டங்களை, சமையலும் பிள்ளைகளின் படிப்பும் பெண்களை வீட்டில் பிணைத்திருக்கும் இரவு எட்டு மணிக்கு வைக்காமல், அவர்கள் வர இயலும் வேளையில் வைக்கப் பங்குத்தந்தையர் முன்வர வேண்டும். வீட்டிலுள்ள ஆண்கள் அந்த நேரத்தில் அடுப்படியைப் பார்த்துக்கொள்ளட்டும். சுற்றறிக்கை வெளியாகும் நாளையும், அது ஒவ்வொரு பங்கிலும் நிறைவேறிய விதத்தையும் இவ்விதழ் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருக்கும்.